இருவருக்கும் போட்ட கையெழுத்து

அன்புள்ள மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு இடம் மாற்றுவது என்று ஒருமனதாக முடிவெடுக்கப்பட்டது. ஒருமனதாக என்றால், உன் அம்மா முடிவெடுத்தாள், நான் தள்ளினேன். இந்த விஷயம் பல மாதங்களாகப் பரிசீலனையில் இருந்தது. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், மின்சார ஒயர் எட்டுமா, வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஒரு குளிர்சாதனப் பெட்டியாக இருப்பது குடும்பத்தின் கௌரவத்துக்கு உகந்ததா என்ற கேள்விகள் தனித்தனியே ஆராயப்பட்டன. கடைசிக் கேள்விக்கு, நம் வீட்டுக்கு இப்போது யார் வருகிறார்கள் என்று உன் அம்மா பதில் சொன்னதோடு தீர்மானம் நிறைவேறியது.

பெட்டி இப்போது நிற்பது கரும்பலகை மாட்டியிருந்த சுவரோரம். உன் அம்மாவின் டியூஷன் நின்று ஒரு வருடம் ஆகிறது. பலகையை மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கிறோம். இதை உனக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீயே அழைத்து, நிறுவனத்தின் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கு உன்னை இரண்டு ஆண்டுகள் அனுப்புவதாகவும், பெங்களூரிலிருந்தே விமானம் இருப்பதாகவும், காஞ்சிபுரம் வழியில் இல்லை என்றும் சொன்னாய். அழைப்பு முடிந்ததும் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. வழியில் இல்லை.

நீ நேரில் வந்திருந்தால் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன். நேரில் நாம் இருவரும் பேசுவது வெயிலைப் பற்றியும் பைபாஸ் சாலையைப் பற்றியும்தான். நீளமான வாட்ஸ்அப் செய்திகளை நீ திறப்பதில்லை என்பது அந்த இரண்டு நீல நிறக் குறிகள் வராததிலிருந்து தெரிகிறது. எனவே இந்தக் கடிதத்தை நம் ஊர் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அச்சில் வந்தால் யாராவது ஒருவர் படம் பிடித்து உனக்கு அனுப்புவார், அப்போது படிப்பாய். உன் பெயரையும் உங்கள் நிறுவனத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். உன்னோடு படித்த ஏகாம்பரத்தின் பெயரையும் எடுப்பதாக இருந்தேன். அவனிடம் கேட்டதற்கு, "போடுங்க சார். இந்த ஊர்ல கல்லு எடுத்துப் போட்டா ஏதாவது ஒரு ஏகாம்பரம் மேலதான் விழும். என்னை யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றான். ஒரு வருடமாக நீ அவன் பெயரைச் சொல்வதில்லை. இந்தக் கடிதம் அவனைப் பற்றியது. அவன் நடத்திவந்த சின்ன நிறுவனம் நிற்பதா விழுவதா என்ற வழக்கில் உன் பெயர் ஒரு பக்கமும், என் பெயர் இரண்டு பக்கமும் இருந்ததைப் பற்றியது.

முதலில் அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்கள் உன்னிடம் இப்போது இல்லை என்று நினைக்கிறேன். உன் அம்மா மாலை வேளையில் எட்டாவதிலிருந்து பத்தாவது வரை பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பதும் பாதிதான் உண்மை. பாதி நேரம் அவள் சமையலறையில் இருந்தாள். கணக்கு கூடத்தில் நடந்தது, குழம்பு உள்ளே கொதித்தது, இரண்டையும் குரலாலேயே நடத்தினாள். நீங்கள் ஒன்பதாவது படித்தபோது ஏகாம்பரம் முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவான். அவனுக்கு ஒரே ஒரு இடத்தில் தவறு வரும். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், அடைப்பை நீக்கும்போது உள்ளே இருக்கும் முதல் எண்ணுக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு, இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவான். அம்மா உன்னிடம் அனுப்புவாள். நீ அந்தக் கூடத்தில் முதல் மாணவன். நீ அவன் நோட்டைப் பார்த்து, "இதுகூடவா டா தெரியாது?" என்பாய். அதுதான் உன் விளக்கத்தின் தொடக்கம், பெரும்பாலும் முடிவும் அதுவே.

ஒரு நாள் அவன் சமையலறை வாசலில் போய் நின்றான். நான் ஈரத் துணியோடு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தேன், அதனால் காதில் விழுந்தது.

"டீச்சர், இவன் கிட்ட என்னை அனுப்பாதீங்க."

"ஏன்டா? அடிச்சானா?"

"அதெல்லாம் இல்ல. இவனுக்கு இந்தக் கணக்கு தப்பா போனதே கிடையாது டீச்சர். எங்க தப்பா போவுதுன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? குமாரு போன வாரம் பூரா இதே தப்பப் பண்ணிக்கினு இருந்தான். இப்ப சரியா போடறான். அவன் கிட்ட அனுப்புங்க."

அம்மா கரண்டியை வைத்தாள். "சரி, போ. நீ சரியாப் போட ஆரம்பிச்சிட்டா அடுத்த வாரம் இதுக்கு நீதான்டா வாத்தியாரு" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கூடத்தின் சட்டம் மாறியது. யாருக்காவது கணக்கு தவறினால், அம்மா உள்ளேயிருந்து, "இதுல நேத்துத் தப்பு யாரு?" என்று குரல் கொடுப்பாள். அதே தவறைச் சமீபத்தில் செய்து, அதிலிருந்து தேறிய பிள்ளை கை தூக்கும். நோட்டு அவனிடமோ அவளிடமோ போகும். தவறு செய்ததற்காகக் கை தூக்குவதில் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த பெருமிதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளைகள், திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்த அந்த இரட்டைச் சகோதரிகள், எல்லோரும் ஒரு பதவிக்குப் போட்டியிடுவதுபோலப் போட்டியிட்டார்கள். உனக்கு மட்டும் அந்தப் பதவி கிடைக்கவில்லை. நீ தவறு செய்வதில்லை. ஒரு முறை நீ வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தவறாகப் போட்டாய். அம்மா கண்டுபிடித்து முதுகில் ஒன்று வைத்தாள். அன்று நீ அழுதது அடிக்காக என்று நாங்கள் நினைத்தோம்.

அதற்குப் பிறகு நீ பொறியியல் படித்தாய், பெங்களூரில் ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தாய், பெரிய ஆள் ஆனாய். ஒரு நாள் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. மரப்பலகை, அதன்மேல் பித்தளைத் தகடு, தகட்டில் உன் பெயர், ஒரு காப்புரிமை எண். அன்றே ஆணி அடித்து மாட்டினேன். எதிர்வீட்டுக்காரர் வந்து, "பையன் இன்னா சார் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டார். நீ மின்னஞ்சலில் அனுப்பியிருந்த ஆவணத்தைத் திறந்து ஆங்கிலத்திலேயே வாசித்துத் தமிழில் சொன்னேன். முதலாம் கற்பவர் ஒருவர் அளிக்கும் பிழையான விடையை வகைப்படுத்தி, அதே வகைப் பிழையை முன்பு செய்து பின்னர் தீர்த்துக்கொண்டதாகப் பதிவுள்ள இரண்டாம் கற்பவர் ஒருவருக்கு, ஒரு செயலியின் வழியாக அனுப்பிவைக்கும் முறையும் அமைப்பும். எதிர்வீட்டுக்காரர், "பெரிய விஷயம்தான்" என்றார். உள்ளேயிருந்து அம்மா, "அது நேத்துத் தப்புதானேங்க?" என்றாள்.

அன்று மாலை உன்னை அழைத்துக் கேட்டோம். "அது வேறம்மா. இது சிஸ்டம்" என்றாய். நீ பொய் சொன்னாய் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நான் நூலகத்தில் வேலை பார்த்தவன். புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் வீட்டில் வைத்திருந்து, கடைசியில் அது தன்னுடையதே என்று மனதார நம்பி, முதல் பக்கத்தில் பெயரும் எழுதி, அட்டையும் போட்டு வைத்திருக்கும் வாசகர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நினைவூட்டல் அனுப்பினால் அவர்களுக்கு உண்மையாகவே கோபம் வரும். சிலர் என்மேல் மேலதிகாரியிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் திருடர்கள் அல்லர். புத்தகம் நீண்ட நாள் வீட்டில் இருந்துவிட்டது, அவ்வளவுதான். உனக்கு அந்த யோசனை பெங்களூரில் ஒரு கண்ணாடி அறையில், வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றபோது தோன்றியது என்று நீ சொன்னாய். அங்கேதான் தோன்றியிருக்கும். எங்கிருந்து வந்து தோன்றியது என்பதை அந்த அறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் படித்தேன். வயதான காலத்தில் நேரம் இருக்கிறது. நம் நாட்டில் வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாதாம். ஆனால் நிரலோடு ஒரு கருவியையும் சேர்த்து, இன்ன கருவி இன்னதைப் பெற்று இன்னதைச் செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினால் சில வேளைகளில் உண்டாம். ஒருவன் எதைக் கண்டுபிடித்தான் என்பதைவிட, அதை வேறு யாருக்கும் புரியாதபடி எப்படி எழுதினான் என்பதில் ஒரு முழுத் தொழிலே நடக்கிறது. நம் ஊரில் ஒரு தெருவில் பட்டுச் சேலைக்குப் புதிதாக ஒரு புட்டா வந்தால், அடுத்த முகூர்த்தத்துக்குள் நான்கு தெருவின் தறிகளிலும் அதே புட்டா இருக்கும். முதலில் போட்டவர் இரண்டு நாள் திட்டுவார், பிறகு பக்கத்து வீட்டுக் கரையைப் பார்த்து அவரும் ஒன்று போடுவார். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஏகாம்பரத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தபோது அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, விலாசம் மாறி வந்துவிட்டது என்று நினைத்ததில் வியப்பில்லை.

அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது உனக்குத் தெரியும், படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இரண்டு அறை. அவனும் நான்கைந்து பெண்களும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்கு சொல்லித்தரும் ஒரு செயலி. அப்பா அம்மாவின் போனில், அவர்கள் வேலை முடித்து வந்த பிறகு, பிள்ளைகள் அதில் கணக்குப் போடுவார்கள். ஒருவன் தவறினால் அதே தவறிலிருந்து தேறிய இன்னொரு பிள்ளை எங்கிருந்தோ குரல் பதிவில் சொல்லிக்கொடுக்கும். செய்யாற்றுப் பக்கத்துப் பிள்ளை உத்திரமேரூர்ப் பிள்ளைக்குச் சொல்லும். அந்தப் பொத்தானுக்கு அவன் வைத்த பெயர் "நேத்துத் தப்பு". வைப்பதற்கு முன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து அம்மாவிடம் கேட்டான். "அந்தப் பேரு என்னா எனக்கு எழுதியா வெச்சிருக்குது? வெச்சிக்கடா" என்றாள். பிறகு வாழைப்பழத்தைக் கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் உரிமம் வழங்கும் நடைமுறை அவ்வளவோடு முடிந்தது.

நோட்டீஸ் உங்கள் நிறுவனத்திலிருந்து. நான் உன்னை அழைத்தேன். "நான் பண்ணலப்பா. லீகல் டீம் பண்றாங்க. நான் இன்வென்டர் மட்டும்தான்" என்றாய். செருப்புக் கடை மாடியில் இருப்பவன்மேல் இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு என்ன கோபம் என்று கேட்டேன். கோபமே இல்லை என்று நீ பொறுமையாக விளக்கினாய். இன்னொரு பெரிய நிறுவனம் இதே முறையைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறது, அவர்களோடு மோதுவதற்கு முன்னால் ஒரு சிறிய வழக்கில் ஓர் உத்தரவு கையில் இருந்தால் உதவியாக இருக்கும், ஏகா அகப்பட்டான். கோபம் இருந்திருந்தால் நான் கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பேன். பழைய நண்பர்களுக்கு இடையே கோபம் இருக்கலாம், அதற்கு மருந்தும் இருக்கிறது.

இனி என் பங்கு. நூலகமும் பத்திரப்பதிவு அலுவலகமும் அடுத்தடுத்து இருந்தது உனக்கு நினைவிருக்கும். கிரயப் பத்திரமோ, உயிலோ, திருமணப் பதிவோ, எதற்கும் சாட்சி வேண்டும். அவசரத்துக்கு ஆள் கிடைக்காதவர்கள் நூலகத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர், அரசு வேலை, அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருக்கிறது, கையெழுத்து அழகு. "சார், ஒரு சாட்சிக் கையெழுத்து" என்பார்கள். நான் பேனாவை மூடாமலேயே எழுந்துபோவேன். நம் ஊரில் அது ஒரு மரியாதை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போவது மாதிரி. எதில் போடுகிறோம் என்று உற்றுப் பார்ப்பது, பந்தியில் உட்கார்ந்து எண்ணெய் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பதற்குச் சமம். என் வேலைக்காலம் முழுவதும் நான் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி நிலத்துக்கு நான் சாட்சி. அதில் ஒரு சென்ட் நிலத்தை நான் பார்த்ததில்லை.

ஏகாம்பரம் ஒரு வக்கீலோடு வந்தான். உள்ளூர் வக்கீல், பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்குகள் நடத்துபவர். உட்கார்ந்ததும் கூடத்தையும் கரும்பலகையையும் ஒரு சுற்றுப் பார்த்தார், எல்லை அளப்பதுபோல.

"அய்யா, இது ஒண்ணியும் இல்ல அய்யா. பூர்வீக சொத்து. ஒரு பங்காளி வெளியூர் போயி, தன் பேருக்குப் பட்டா மாத்திக்கினான். அனுபவம் நம்ம கையில இருக்குது. அனுபவத்தில இருக்குதுன்னு சொல்ல ஒரு பெரிய மனுசன் வேணும். அவ்ளோதான்."

"பங்காளி என் பையன்பா" என்றேன்.

"அதான் அய்யா பலமே! எதிரி அப்பனே நமக்கு சாட்சி. ஜட்ஜு இன்னா சொல்லுவாரு?"

ஏகாம்பரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். "சார், உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம் சார். எனக்கு வேற யாரும் இல்ல. குமாரு துபாய்ல இருக்கான், அவன் போன எடுக்க மாட்டேங்கிறான். அந்த பட்டன எடுத்துட்டா இந்த ஆப்புல ஒண்ணுமே இல்ல சார். அதுக்குத்தான் புள்ளைங்க வருது" என்றான். பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தது இதுதான்: என் மனைவியின் வகுப்பில், இந்தக் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பிள்ளையின் பிழையை அதே பிழையிலிருந்து தேறிய இன்னொரு பிள்ளைக்கு அனுப்பும் முறை வெளிப்படையாக வழக்கத்தில் இருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. போட்டேன். வக்கீல் அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களும் ஒண்ணு" என்றார். அம்மா காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் சோறு போட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து உங்கள் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து சென்னையிலிருந்து ஒரு பெண் வக்கீல் வந்தாள். சின்னப் பெண், காலையில் சாப்பிடாமல் கிளம்பி வந்திருந்தாள். அம்மா அவளுக்குக் கோயில் இட்லி வைத்தாள். "ஆன்ட்டி, இதுல மிளகு இவ்ளோ இருக்கும்னு நினைக்கல" என்று கண்ணீரோடு இரண்டாவது வாங்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. உன்னைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா, நீங்க பொய் சொல்ல வேணாம். நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. நம்ம கூடத்துல கம்ப்யூட்டர் இருந்துச்சா?"

"இல்ல."

"யாரு என்ன தப்பு பண்ணாங்கன்னு அம்மா எங்கயாவது எழுதி வெச்சாங்களா?"

"இல்லப்பா. மனசுலதான்."

"சில நேரம் அம்மாவுக்கே ஞாபகம் இல்லாம, பசங்களே கை தூக்குவாங்க இல்ல?"

"ஆமா."

"அவ்ளோதான்பா. இதைத்தான் எழுதியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லைதான். அந்தக் கூடத்தில் கணினியோ பதிவோ தானாக வகைப்படுத்தும் ஏற்பாடோ இருந்ததில்லை என்றும், காப்புரிமையில் கண்ட முறையும் அமைப்பும் அங்கு இருந்ததாக எனக்குத் தெரியாது என்றும் இருந்தது. அதிலும் ஒரு சொல் பொய் இல்லை. அந்தப் பெண் இட்லிக் கையைக் கழுவிவிட்டு வந்து பேனாவை நீட்டினாள். வீட்டுக்கு வந்தவள், போனில் நீ. போட்டேன்.

அவள் கார் தெருமுனை திரும்பியதும் அம்மா கேட்டாள். "ரெண்டு பேருக்குமா போட்டீங்க?"

"ரெண்டும் உண்மைதானே."

"உண்மைதான். ஏகாவுக்குப் போட்டது அவன் கடை நிக்கறதுக்கு. இவனுக்குப் போட்டது எது நிக்கறதுக்கு?"

 

இடைக்காலத் தடை கேட்டு உங்கள் நிறுவனம் போட்ட மனு விசாரணைக்கு வந்த அன்று நான் சென்னைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நீ வருவாய் என்று நினைத்தேன். ஏகாம்பரம் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான், நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாகப்பிரிவினை வக்கீல் சென்னை வக்கீல் ஒருவரிடம் வழக்கைக் கொடுத்திருந்தார். அவர் எழுந்து என் முதல் பத்திரத்தை வாசித்தார். உங்கள் பக்கத்தில் ஒரு மூத்த வக்கீல் எழுந்து என் இரண்டாவது பத்திரத்தை வாசித்தார். நீதிபதி இரண்டையும் அருகருகே வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இவர் யாருடைய சாட்சி?" என்று கேட்டார். அறையில் சிரிப்பு எழுந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை, நான் அந்த இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். ஒரே ஆள் ஒரே மாதத்துக்குள் இரண்டு பக்கமும் சொல்லியிருப்பதால் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றும், முன்பே வழக்கத்தில் இருந்ததற்கு வேறு சான்று இல்லை என்றும், முழு விசாரணை முடியும்வரை எதிர்மனுதாரர் அந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்றும் உத்தரவானது. முழு விசாரணை எப்போது முடியும் என்று வெளியே வந்து கேட்டேன். வக்கீல் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்து, "உங்க வயசு என்ன சார்?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஏகாம்பரமும் நானும் ஒரே பேருந்தில் வந்தோம். எனக்கு ஜன்னல் பக்கம் கொடுத்தான். பூந்தமல்லி தாண்டியதும் அவனே பேச்சைத் தொடங்கினான். 

"சார், அவனுக்கும் நீங்க போட்டதுல எனக்குக் கோவம் இல்ல. எங்க அப்பாவா இருந்தாலும் எனக்குப் போடணும்னுதான் நினைப்பேன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். அவன் ஒரு போன் பண்ணியிருக்கலாம். 'டேய் ஏகா, இது எனக்கு வேணும், எடுத்துர்றா'ன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். திட்டியிருப்பேன். ஆனா எடுத்திருப்பேன் சார். அவன் கிட்ட எதுக்குக் கோர்ட்டு?"

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி எனக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வந்தான். மூடியைத் திறந்து கொடுத்தான். எனக்கு விரல் மூட்டு வலி என்று அவனுக்கு எப்போது யார் சொன்னது என்று தெரியவில்லை. உனக்கு நான் சொன்னதில்லை.

வெளிநாடு போகும் பிள்ளைக்கு அறிவுரை சொல்வது தகப்பனின் கடமை என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காலுறையை ஈரமாகப் போடாதே. அலுவலகத்தில் உனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றினால், கொண்டாடுவதற்கு முன்னால் அதை முதலில் எந்தக் குரலில் கேட்டாய் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார். பெரும்பாலும் ஒரு குரல் இருக்கும். அந்த ஆளுக்குப் பணமோ பங்கோ தரவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் சட்டத்தின் வேலை. அவர் பெயர் நினைவிருந்தால் போதும், அவருக்கு நோட்டீஸ் போகும் நாளில் நீ வாயைத் திறப்பாய். லீகல் டீம் செய்கிறது, நான் செய்யவில்லை என்ற வாக்கியத்தை அதிகம் பயன்படுத்தாதே. நானும் அதன் தம்பி வாக்கியம் ஒன்றை வைத்திருந்தேன்: எழுதியது அவர்கள், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் ஏகாம்பரம் மாட்டிக்கொண்டான். உன்மேல் எனக்குக் கோபம் உண்டா என்று நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது. அது காலையில் செய்தித்தாளோடு வருகிறது, சாயங்காலம் மற்ற வீடுகளில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் சத்தம் கேட்கும்போது கொஞ்சம் கூடுகிறது.

அம்மா டியூஷனை நிறுத்தியதற்கு முழங்கால் வலி காரணம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் உத்தரவு வந்த வாரம் நடந்தது வேறு. ஒரு பெண் பிள்ளை கணக்கில் தவறியது. அம்மா வழக்கம்போல, நேத்துத் தப்பு யாரு என்று கேட்க உள்ளேயிருந்து வாயைத் திறந்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். கூடத்துக்கு வந்து என்னிடம், "நான் இதைக் கூப்பிடலாமா, இல்ல கூடாதா?" என்று கேட்டாள். அந்தத் தடை ஏகாவுக்கு மட்டும்தான், சமையலறைக்கு இல்லை, வாயால் கூப்பிடுவதற்கு எந்தச் சட்டமும் தடை போட முடியாது என்று விளக்கினேன். எனக்கே நன்றாகப் புரியும்படி விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் நோட்டைத் தானே வாங்கித் திருத்திக் கொடுத்தாள். அந்த மாதக் கடைசியில் பிள்ளைகளை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

இதைச் சொல்லி உன்னை வருத்தப்படுத்த வேண்டும் என்று இல்லை. நீ இல்லாத சமயத்தில் இங்கே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஏகாம்பரத்தின் எண் மாறவில்லை. விமானம் ஏறுவதற்கு முன்னால் நிலையத்தில் நீண்ட நேரம் உட்கார வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவன் கோபமாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள். அவன் அதிக நேரம் கோபமாக இருக்கமாட்டான், அந்தக் கலை அவனுக்கு இன்றுவரை வரவில்லை.

மற்ற செய்திகள்: தடை வந்த மறுநாளே ஏகாம்பரம் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டான். பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். தை மாதம் மாடி அறைகளைக் காலி செய்தான். அவனோடு வேலை பார்த்த பெண்களில் இருவர் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் கேமராவுக்கு முன்னால் சேலை விரித்துக் காட்டுகிறார்கள், அந்தக் கேமராவை இயக்குவது ஏகாம்பரம். அம்மாவின் போனில் உங்கள் நிறுவனத்தின் செயலி இருக்கிறது, நீ சேர்ந்த வருடத்தில் ஏற்றிக்கொண்டது. சென்ற வாரம் அதில் புதிய பதிப்பு வந்தது. பிழையை இன்னொரு பிள்ளைக்கு அனுப்பும் வசதி, போதிய பயன்பாடு இல்லாததால் நீக்கப்பட்டிருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. காப்புரிமை இன்னும் பதின்மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.